முப்பது நாள் கண்ணாடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் குடியிருப்பில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வண்டிக்காரரிலிருந்து மாடி வீட்டுக் கணக்கு சார் வரை எல்லாரும் என்னிடம் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அப்படிப்பட்ட வாயை, பேசியே ஆக வேண்டிய ஒரே ஒரு சமயத்தில் நான் இழுத்துத் தைத்து வைத்துக்கொண்டேன். தைப்பதுதானே என் தொழில்.

வெள்ளத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அதைத்தான் ஊரே பேசித் தீர்த்துவிட்டதே. கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஆறு நாள் தண்ணீர் நின்றது. படகில் வந்து எங்களை இறக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வகுப்பறைக்கு ஒன்பது குடும்பம், ஒரு கழிவறைக்கு நாற்பது பேர். உடை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பெண்கள் போர்வையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், யார் வம்புக்கும் போகாத மனிதர், ஒரு வாளித் தண்ணீருக்காக அடுத்தவன் சட்டையைப் பிடித்ததை அங்கேதான் பார்த்தேன். நாற்பத்து மூன்று நாள். செத்தாலும் என் வீட்டில் சாவேனே தவிர, இந்த இடத்துக்கு மறுபடி வர மாட்டேன் என்று சபதம் போட்டுக்கொண்டுதான் அங்கிருந்து கிளம்பினேன்.

எங்கள் கட்டிடம் சின்னது. கீழே தூண்கள், மேலே இரண்டு மாடி, மொத்தம் நாலு வீடு. முதல் மாடியில் முன்பக்கம் நாங்கள். இரண்டாவது மாடியில் ஓய்வு பெற்ற கணக்கு சார் தனியாக இருக்கிறார். அவருக்கு எதிர்வீட்டுக்காரர்கள் வெள்ளத்தின்போது வேறு ஊருக்குப் போனவர்கள், திரும்பவே இல்லை. முதல் மாடியின் பின்பக்கத்து வீடு காலி.

அந்தக் காலி வீட்டுக்கு நேர் கீழே, பின்மூலைத் தூணில்தான் விரிசல் இருந்தது. முழங்கால் உயரத்தில் ஆரம்பித்துக் குறுக்கே ஏறிப் போகும். விரல் நகம் நுழையும் அகலம், அவ்வளவுதான்.

பரிசோதனைக்கு வந்த இஞ்சினியர் அம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். ரப்பர் செருப்பும் சேறுமாக வந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது கட்டிடம் பார்க்கிறாளாம். தூணைத் தடவிப் பார்த்தாள், கதவில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டினாள்.

"பச்சைன்னா குடியிருக்கலாம். சிவப்புன்னா இடிச்சிருவாங்க. மஞ்சள்னா இன்னும் தெரியலன்னு அர்த்தம். இந்த விரிசல் பழசா, இப்பவும் நகருதான்னு பார்க்கணும். மேல கண்ணாடி ஒட்டுங்க. முப்பது நாள் உடையாம இருந்தா நானே வந்து பச்சைத் தாள் தர்றேன். நடுவுல உடைஞ்சா உடனே போன் பண்ணுங்க. அதுவரைக்கும் அந்தப் பின்வீட்டுல யாரும் இருக்கக் கூடாது."

"கண்ணாடி எங்க தம்பி ஒட்டுவான். அவன் மேஸ்திரி" என்றேன் நான். சொல்லும்போது எனக்குப் பெருமை வேறு.

என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் ஊருக்கெல்லாம் வீடு கட்டியவன். ஆற்றங்கரையில் அவன் தனக்கென்று கட்டிய வீடு கதவு, ஜன்னல், படிக்கட்டு எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது. பெண்டாட்டி, ஆறு வயசுப் பெண், மூன்று வயசுப் பையன் எல்லாரோடும் இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கிடந்தான். எனக்குக் குழந்தை இல்லை. அவன் குழந்தைகள்தான் என் குழந்தைகள். அந்தக் காலி வீட்டை அவனுக்குப் பேசி முடித்திருந்தேன். பச்சைத் தாள் வந்தால் அவன் குடும்பம் என் பக்கத்து வீட்டில் இருக்கும். அதற்காகத்தான் நான் அப்படிப் பறந்தேன்.

தம்பி பதினேழாம் தேதி வந்து கண்ணாடி ஒட்டினான். ஜன்னல் கண்ணாடியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் வெள்ளை சிமெண்டை அப்பினான். பேனாவால் அதன் மேல் தேதி எழுதினான். அவன் போடும் ஏழு, கைத்தடியைச் சாய்த்து வைத்தது மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதற்காக வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறான்.

"இவ்ளோதானா? இதுக்கா இஞ்சினியருக்குப் படிக்கிறாங்க?" என்றேன்.

"கிண்டல் பண்ணாதக்கா. சிமெண்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குத் தெரியும். வளையத் தெரியாது அதுக்கு, உடைஞ்சிரும்."

"பசங்க பந்து கிந்து பட்டு உடைஞ்சா?"

"பந்து பட்டா நட்சத்திரமாச் சிதறும். தூண் நகர்ந்தா விரிசல் மேலயே நேரா ரெண்டு துண்டு. பார்த்தாலே தெரிஞ்சிரும்." ஒரு பழைய நோட்டை என் கையில் கொடுத்தான். "தினமும் காலையில பார்த்துட்டு ஒரு டிக் போட்டுரு. உன்ன நம்பித்தான் இருக்கேன்."

மிச்சமிருந்த வெள்ளை சிமெண்டை ஒரு டப்பாவில் போட்டு, சுவர் ஓட்டைகளை அடைக்க வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனான்.

எட்டு நாள் ஒழுங்காக டிக் போட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் கீழே போனபோது கண்ணாடி உடைந்திருந்தது.

இரண்டு துண்டு. நடுவில் நேராக ஒரு கோடு.

முந்தின நாள் சாயங்காலம் தெருப் பையன்கள் அங்கே பந்து அடித்தார்கள். நானே கத்தி விரட்டினேன். பந்துதான் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை சொன்னபோது பொய்யாக இருந்தது. பத்து தடவை சொன்னபோது பாதி உண்மையாகிவிட்டது. இஞ்சினியர் அம்மாவின் எண் என் போனில் இருந்தது. எடுத்தேன், பார்த்தேன், வைத்துவிட்டேன். கண்ணுக்குள் அந்த வகுப்பறை வந்து நின்றது. போர்வையைத் தூக்கிப் பிடித்த கைகள் வந்தன.

வெள்ளத்தில் படகுக்கு அவசரமாக இறங்கியபோது எங்கள் கல்யாணப் படம் விழுந்து சட்டம் உடைந்திருந்தது. அதன் கண்ணாடியில் நீளவாக்கில் ஒரு சில்லைத் தேடி எடுத்தேன். தம்பி கொடுத்த சிமெண்டைக் குழைத்தேன். பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டினேன். தேதியும் எழுதினேன், பதினேழு என்றே. கைத்தடி ஏழு போடத் தாளில் நாலு முறை பழகிப் பார்த்துக்கொண்டேன். உடைந்த இரண்டு துண்டையும் தூக்கிப் போட மனம் வராமல் என் பொத்தான் டப்பாவின் அடியில் போட்டேன். நோட்டில் டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தூண் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. படியிறங்கினால் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பேன். காலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே நோட்டில் டிக் போட்டுவிடுவேன். பார்க்காமல் இருந்தால் நடக்காது என்ற நினைப்பு. நாற்பத்தாறு வயசுப் பொம்பளைக்கு இருக்க வேண்டிய புத்தியா இது?

இடையில் ஒரு நாள் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கண்ணாடி இல்லாமல் தொங்கியது. முட்கள் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தன.

"என்னங்க ஆச்சு இதுக்கு?"

"துடைக்க எடுத்தேன், கை நழுவிருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

இருபது வருஷத்தில் அவர் ஒரு தம்ளரைக்கூடத் துடைத்துப் பார்த்ததில்லை. வெள்ளத்துக்குப் பிறகு மனுஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஏதோ கேலி செய்து இரண்டு வார்த்தை சொன்னேனே தவிர அதற்கு மேல் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் இஞ்சினியர் அம்மா வந்தாள். தம்பியும் வந்தான். நான் கீழே இறங்கவே இல்லை. அவசரத் துணி என்று மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் இல்லை என்பது பாதித் துணி போன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு கணமும் அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பிதான் மேலே ஓடி வந்தான். கையில் பச்சைத் தாள்.

"உடையலக்கா. அப்படியே இருக்கு."

அவன் அழுதான். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்று அவன் நினைத்தான்.

எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் ஒட்டின கண்ணாடி இருபத்தொரு நாள் தாங்கியிருக்கிறது. அப்படியென்றால் முதல் கண்ணாடியைப் பந்துதான் உடைத்திருக்க வேண்டும். அன்று ராத்திரி மூன்று வாரத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடி வந்தார்கள். சாமான் என்று பெரிதாக எதுவும் இல்லை. நாலு பாய், இரண்டு பாத்திர மூட்டை, நிவாரணத்தில் கொடுத்த ஒரு அடுப்பு. பெண் என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நூறு தடவை ஓடினாள். பையன் என் மெஷின் மிதிகட்டையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். நாலு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். கணக்குப் பார்த்தால் அந்த நாலு நாள்தான்.

ஐந்தாம் நாள் தம்பி பெண்டாட்டி சொன்னாள்: "அண்ணி, எங்க வாசக்கதவு இழுத்துப் பிடிக்குது. மூடுனா திறக்க மாட்டேங்குது, திறந்தா மூட மாட்டேங்குது."

தம்பி இழைப்புளியை எடுத்து வந்து கதவின் மேல்விளிம்பை இழைத்தான். "ஆறு நாள் தண்ணியில ஊறின கட்டிடம்க்கா. ஈரத்துல மரம் ஊதிருக்கு" என்றான்.

"தண்ணி இந்த மாடிக்கு ஏறவே இல்லையேடா."

"காத்துலயும் ஈரம் இருக்கும்ல. கண்ணாடி உடையலயே, அப்புறம் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு ஒரு கொட்டாவியைக் கொடுத்து மூடிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்துக் கதவு மறுபடி பிடித்தது. மறுபடி இழைத்தான். பையன் கோலிக்குண்டு விளையாடினால் எந்தப் பக்கம் உருட்டினாலும் குண்டு பின்மூலைக்கே போய்ச் சேர்ந்தது. அவன் கைதட்டிச் சிரித்தான். என் வீட்டில் குழாயிலிருந்து சொட்டுகிற சத்தம், மேலே கணக்கு சார் நாற்காலியை நகர்த்துகிற சத்தம், எது கேட்டாலும் திடுக்கிட்டேன். குழந்தைகள் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பகல் முழுவதும் பிடித்து வைத்தேன். சாயங்காலமானால் அவர்களை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் கன்னத்தையும் தடவித்தான் அனுப்பினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தீர்மானித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். பள்ளி அரைநாள். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி பையனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெண் கீழேயிருந்து ஓடி வந்தாள்.

"அத்தை, அந்தத் தூண்ல பதினேழுன்னு எழுதிருக்குல்ல, அது அப்பா எழுதினதுதானே?"

"ஆமா கண்ணு. அங்க எதுக்குப் போன?"

"அந்த ஏழுக்கு நடுவுல ஒரு கோடு இருக்கு. அப்பா அப்படிப் போட மாட்டாரே. எனக்கு வீட்டுப்பாடத்துல வேற மாதிரில சொல்லிக் குடுத்தாரு."

என் கையிலிருந்த கத்தரிக்கோல் துணியிலேயே நின்றுவிட்டது. நானும் ஏழுக்குக் கோடு போடவில்லையே.

படியிறங்கினேன். அத்தனை நாளைக்குப் பிறகு அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு முனையில் சிமெண்ட் பெயர்ந்து தூணை விட்டு விலகியிருந்ததால் கண்ணாடி உடையாமல் முழுசாக இருந்தது. ஆனால் அது என் கண்ணாடி இல்லை. எங்கள் கல்யாணப் படத்தின் கண்ணாடி மெல்லியது. இது தடிமன், லேசாகப் பச்சை ஓடியது. அதன் மேல் அழகான எழுத்தில் பதினேழு. ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு. கண்ணாடிக்கு அடியில் இருந்த விரிசலில் இப்போது நகம் இல்லை, என் விரலே நுழைந்தது.

என் கண்ணாடியும் உடைந்திருக்கிறது. அதை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஏழுக்கு அப்படிக் கோடு போடுகிறவர் இந்தக் கட்டிடத்தில் ஒருவர்தான். மாதா மாதம் தண்ணீர்க் கட்டணத்தைப் பிரித்து எழுதி ஒட்டுகிறவர். பெண்ணின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனேன். எதிர்க்கடைப் படியில் உட்கார வைத்து, நான் கூப்பிடும் வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு மாடியும் ஏறினேன்.

கணக்கு சார் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சார், அந்தக் கண்ணாடிய நீங்களா மாத்துனீங்க?"

அவர் மறுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருபத்தஞ்சாம் நாள்மா. காலையில நடக்கப் போறப்ப பார்த்தேன். ரெண்டாப் போயிருந்துச்சு. எனக்கு எழுபத்தொரு வயசு. அந்தப் பள்ளிக்கூடத்துல தரையில படுத்து எழுந்திரிக்க நாலு பேர் தூக்கி விடணும். இன்னும் அஞ்சு நாள்தானேன்னு நெனச்சேன்."

"உடைஞ்சு கிடந்த கண்ணாடி எப்படி இருந்துச்சு? மெல்லிசா, வெறும் கண்ணாடியா?"

"இல்லையே. ஓரத்துல தங்கக் கலர்ல ஒரு கோடு இருந்துச்சு. உங்க தம்பி எங்கயோ பழைய கண்ணாடிய எடுத்து ஒட்டிருக்கார்னு நெனச்சேன்."

தங்கக்கோடு போட்ட கண்ணாடியை நான் இருபது வருஷமாகத் தினமும் நிமிர்ந்து பார்த்து மணி தெரிந்துகொண்டிருக்கிறேன். துடைக்க எடுத்தாராம், கை நழுவியதாம்.

தம்பியுடையது ஒன்று, என்னுடையது ஒன்று, என் வீட்டுக்காரருடையது ஒன்று. மூன்று உடைந்துவிட்டது. இப்போது ஒட்டியிருப்பது நாலாவது.

"சார், கைக்கு என்ன கிடைக்குதோ அத மட்டும் எடுத்துக்கிட்டுக் கீழ இறங்குங்க. இப்பவே. எதுவும் கேட்காதீங்க."

எங்கள் வீட்டுக்குள் ஓடி என் வீட்டுக்காரரை உலுக்கினேன். "கடிகாரக் கண்ணாடி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். எழுந்திரிங்க. கட்டிடம் உட்காருது." அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. லுங்கியோடு எழுந்து வந்தார். அவர் கேட்காததே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பின்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"யாரு, அண்ணியா? கதவு மறுபடியும் பிடிச்சுக்கிச்சு அண்ணி. அவர் வந்து இழைச்சுத் தருவாரு. பையன் இப்பத்தான் தூங்குறான், மெதுவாத் தட்டுங்க."

"பையனத் தூக்கிக்க. கதவ விட்டுத் தள்ளி நில்லு."

"ஏன் அண்ணி?"

"சொன்னதச் செய்யும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உள்ளே அவள் பயந்துவிட்டாள், பையன் அழ ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் தோளால் இடித்தார். கதவு அசையவில்லை. மறுபடி இடித்தார். நிலைக்கு மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அவர் தலையில் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். நிலையின் மூலையிலிருந்து ஒரு புதிய விரிசல் கூரையை நோக்கிப் போயிருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

"இடிக்காதீங்க. இடிச்சா மேல வந்துரும்" என்றேன்.

கடப்பாரையை எடுத்து வந்து தாழ்ப்பாள் பக்கம் நெம்பினார். கணக்கு சார் பையோடு இறங்கிக்கொண்டிருந்தவர், பையைப் படியில் போட்டுவிட்டு அவரும் கடப்பாரையின் முனையைப் பிடித்தார். நானும் பிடித்தேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நெம்பினோம். கீழே எங்கோ கல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கதவு ஒரு முழம் பிளந்தபோது அவள் முதலில் பையனை நீட்டினாள். அவனை இடுக்கிக்கொண்டு நான் இறங்கி ஓடினேன், மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது எதையோ கையை நீட்டி எடுத்திருக்கிறேன். தெருவுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். ஊர் உலகமெல்லாம் பத்திரத்தையும் நகையையும் எடுக்கும், நான் என் பொத்தான் டப்பாவை எடுத்து வந்திருந்தேன்.

இஞ்சினியர் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். முப்பத்தெட்டு நாள் தாமதமாக.

அவளுக்கு முன்னால் தம்பி வந்துவிட்டான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்னக்கா ஆச்சு? கண்ணாடி நல்லாத்தானே இருந்துச்சு?"

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "ஒன்பதாம் நாளே உடைஞ்சிருச்சுடா. நான் மாத்திட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. புரியாமல் சிரிக்கக்கூட ஆரம்பித்தான். அப்போது என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "நானும் ஒரு தடவை மாத்துனேன் மாப்ள" என்றார். கணக்கு சார் கையைப் பாதி உயர்த்தினார், வகுப்பில் தப்பு செய்த பையன் மாதிரி. "நானும்தான்பா" என்றார்.

தம்பி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முப்பதாம் நாள் உடைஞ்சிருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன்" என்றான் மெதுவாக. "என் கையெழுத்தான்னு பார்க்கல. எதுக்குப் பார்க்கணும்? அக்கா வீடு."

அவன் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கத்துவதற்கு எனக்குப் பதில் தெரியும்.

பொத்தான் டப்பாவைத் திறந்து, அடியிலிருந்த இரண்டு துண்டையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியாது. அவன் அவற்றை உள்ளங்கையில் வைத்துச் சேர்த்தான். இடைவெளி இல்லாமல் பொருந்தின. நடுவில் நேர்க்கோடு.

"பந்து பட்டுதுன்னு நெனச்சியா அக்கா?"

அவன் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நம்பியிருப்பான், அல்லது நம்பியதாக நடித்திருப்பான்.

"இல்லடா" என்றேன். "அன்னைக்கே தெரியும்."

இஞ்சினியர் அம்மா கட்டிடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினாள். தூரத்திலிருந்தே தூணைப் படம் எடுத்தாள். அடியில் மண் அரித்துப் போயிருக்கிறதாம், மூலையே இறங்கிக்கொண்டிருக்கிறதாம். முதல் கண்ணாடி உடைந்த அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் முட்டுக் கொடுத்து, அடித்தளத்தைப் பலப்படுத்தி, இரண்டு மாதத்தில் வீட்டைத் திருப்பித் தந்திருக்கலாமாம். அதை அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சிவப்புத் தாளை ஒட்டினாள். ஒட்டுவதற்குக்கூடக் கதவு வரை போகவில்லை, வெளிக்கேட்டிலேயே ஒட்டினாள்.

இப்போது மறுபடி அதே பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், பின்பக்கத்து வகுப்பறை. இந்த முறை நாலு குடும்பம்தான். கழிவறை வரிசையும் குறைவு. நான் எதற்குப் பயந்து அத்தனையும் செய்தேனோ, அது இவ்வளவுதான். கணக்கு சாரைக் காலையில் தூக்கி விட என் வீட்டுக்காரரும் தம்பியும் ஆளுக்கொரு கையைக் கொடுக்கிறார்கள். தம்பி என்னோடு பேசாமல் இல்லை. தண்ணீர் வேணுமா, சாப்பிட்டாயா என்று கேட்கிறான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வந்த மறுநாள் வகுப்பறைச் சுவரில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய விரிசலைப் பார்த்தான். எங்கிருந்தோ ஒரு கண்ணாடித் துண்டைக் கொண்டு வந்து குறுக்கே ஒட்டினான். தேதி எழுதினான். மகளைக் கூப்பிட்டுத் தனியாக ஏதோ சொன்னான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். கையில் அந்தப் பழைய நோட்டு.

"அத்தை, இனிமே நான்தான் டிக் போடணுமாம்."

"அப்படியா? பெரிய மனுஷியாயிட்டியே."

"தினமும் கண்ணால பார்த்துட்டுத்தான் போடணுமாம். உடைஞ்சிருந்தா அப்பாகிட்ட ஓடி வந்து சொல்லணுமாம்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்தைகிட்ட சொல்லக் கூடாதாம். ஏன் அத்தை?"

அவள் தலைமுடியைக் கோதிவிட்டேன்.

"அப்பா சொன்னபடியே செய் கண்ணு" என்றேன்.